செல்லதுரையின் தேனிலவுக்கு நாங்கள் போனோம்

தேனிலவுக்குப் புதிதாகக் கல்யாணமானவர்கள்தான் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவர்கள் இருவரும் வீட்டில் இருந்தார்கள், மற்ற ஐந்து பேரும் போய்வந்தோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரே அறையில் ஏழு பேர் ஒரு வாரம் படுத்து எழுந்துவிட்டு அப்புறம் சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு மண்டிகளைத் தாண்டிச் சுள்ளிக்கல் போகும் வழியில் எங்கள் லைன் இருக்கிறது. எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, மூலையில் ஓர் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் தட்டி வைத்து மறைத்த குளிக்கிற இடம். அதில் என் மாமனார் சங்கிலிப்பாண்டி, மாமியார் ஒச்சம்மாள், கார்ப்பரேஷனில் ரோடு வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வீரபாண்டி, நான், நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் முனியாயி. கூட, கொழுந்தன் செல்லதுரை. எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் ஊரில் அவனுக்குக் கல்யாணம் செய்து கங்காவைக் கூட்டிவந்தோம். ஆக மொத்தம் ஏழு.

செல்லதுரைக்கு ஐஸ் ஆலையில் வேலை, எப்போதும் இரவு ஷிப்ட். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவான். இரவில் கங்கா எனக்கும் மாமியாருக்கும் நடுவில் படுப்பாள். பகலில் அவன் சுவரோரம் சுருண்டு தூங்குவான். நாங்கள் மூன்று பெண்களும் அவனைத் தாண்டித் தாண்டிப் போய் மீன் கழுவுவோம், மிளகாய் அரைப்போம். இப்படியே முப்பத்தெட்டு நாள் ஓடிப்போனது. இத்தனை நாளில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது என்ன என்று கேட்டால், அவன் "தண்ணி" என்பான், அவள் கொண்டுவந்து கொடுப்பாள்.

அதற்குள் ஆனி முடிந்து ஆடி வந்துவிட்டது. ஆடி மாதம் முழுக்கப் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். திங்கட்கிழமை கங்காவின் அண்ணன் வந்து அழைத்துப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அந்த வாரம் ஒருநாள் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது கங்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஊருக்குப் போனா எல்லாரும் அவரு எப்பிடின்னு கேப்பாக. நான் என்னக்கா சொல்ல? எனக்கே தெரியலையே."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே அறைக்கு வந்து, இதே மாதிரி ஒன்றும் தெரியாமல்தான் ஆடிக்குப் போனேன். என்னிடம் ஊரில் கேட்டார்கள். "நல்லவருதான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அந்த அறை அவர்களுக்கு. எங்கள் ஐந்து பேரில் ஒருவர் தலையும் அந்தப் பக்கம் தெரியக் கூடாது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அவங்க ரெண்டு பேரையும் எங்கயாச்சும் அனுப்பிவிட்டாப் போதாதா?" என்றார்.

"எங்கங்க அனுப்புறது? போன மாசம் போர்ட் கொச்சி கடற்கரைக்கு அனுப்புனமே, லைன்ல பாதிப் புள்ளைக கூடவே போயி நடுவுல உக்காந்துக்கிட்டு கடலை வாங்கித் தின்னுட்டு வந்துச்சுக. அதுகளுக்கு வேண்டியது ஊரில்ல. ஒரு அறை."

"சரி, சாயா போடு" என்றார். அவர் சம்மதம் சொல்கிற விதம் அது.

மாமாவிடமும் அத்தையிடமும் உண்மையைச் சொல்ல முடியுமா? முனியாயியின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஊரைச் சுற்றிப் பார்த்துக் கட்டுரை எழுதிவரச் சொன்னதாகப் புளுகினேன். முனியாயி என்னைவிடப் பெரிய புளுகி, "அதே, நாலு பக்கம் எழுதணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப தொரையும் அந்தப் புள்ளையும் வரலையா?" என்று கேட்டார் மாமா.

"தம்பி ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்து தூங்க வேணாமா? கங்கா ஆடிக்குத் துணிமணி எடுத்து வைக்கணும், மாமா."

மாமா பஜாரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். பேச்சு குறைவு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

ஞாயிறு காலையில் நாங்கள் நால்வரும் ரோட்டுக்கு வந்து நின்றோம். மாமா எப்போதும்போல் கடைசியாக வந்து சேர்ந்தார். வானம் மூடிக் கிடந்ததே தவிர மழை இல்லை.

முதலில் கொட்டாரம், அந்தக் காலத்து ராஜாவின் அரண்மனை. பன்னிரண்டு வருஷமாக அதன் மதிலோரமாகவே நடக்கிறேன், உள்ளே போனதில்லை. மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்க ராமாயணத்தைப் படமாக எழுதி வைத்திருக்கிறார்கள். முனியாயிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அங்கே இருந்த பலகையைப் படித்துச் சொன்னாள்.

"இது ராஜா உறங்குற அறையாம்மா."

"ராஜா மட்டுமா?"

"ராஜா மட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் அறையைப்போல ஆறு அறைகள் அதற்குள் அடங்கும். ஒரே ஓர் ஆள் தூங்குவதற்கு இத்தனை இடம், தூக்கம் வராவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கச் சுவரெல்லாம் படம். கீழே இன்னோர் அறையில் கிருஷ்ணனும் பெண்களுமாக வேறு விதமான படங்கள். அத்தை சட்டென்று முனியாயியின் கண்களைப் பொத்தினாள். தன் கண்களைப் பொத்திக்கொள்ள அவளுக்கு மூன்றாவது கை இல்லை, பாவம், நன்றாகவே பார்த்தாள்.

கொட்டாரத்தை விட்டு வெளியே வந்ததும் மாமா, "போதும்ல? வீட்டுக்குப் போவமா?" என்றார். மணி பத்துகூட ஆகவில்லை.

"இன்னும் ஒரு பக்கம்கூட எழுத முடியாது மாமா" என்று இழுத்துக்கொண்டு யூதர்கள் கும்பிடும் யூதப்பள்ளிக்குப் போனேன். உள்ளே தரையெல்லாம் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள். ஒன்றைப்போல ஒன்று இருக்காது என்று அங்கே நின்றிருந்த ஒருவர் சொன்னார். நல்லதாகப் போயிற்று. "அப்ப ஒவ்வொண்ணாப் பாத்தாத்தான் தெரியும்" என்று முனியாயியைக் கூட்டிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். நாலாவது வரிசையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமா வாசலிலேயே நின்று இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக் கதவுதான் திறந்திருந்தது. கங்காவுக்கு ஆடிக்குக் கொடுத்தனுப்ப ஒரு சேலை எடுக்க வேண்டும். ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, அது வேண்டாம் என்று இன்னொன்றைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி மடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று ஒரு பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உனக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

"எனக்கில்லங்க, கங்காவுக்கு."

"தெரியும். சும்மா சொன்னேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கங்காவுக்கு மஞ்சளில் ஒன்று எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பச்சையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

"இப்ப வீட்டுக்குத்தான?" என்றார் மாமா.

"வைப்பின் தீவுக்கு மாமா. போட்ல போயிட்டு, அங்க கப்பைக்கெழங்கும் மீனும் சாப்பிட்டுட்டு வந்திருவோம்."

"தண்ணி தாண்ட வேணாம்மா. வானம் கறுக்குது."

மனுஷருக்கு மத்தியானத் தூக்கம் போய்விடும் என்று கவலை, அதற்காக அந்த இரண்டு பிள்ளைகளின் ஒருநாளையும் பறிக்கப்பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அழுதுவிடுவேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அழுகை ஆகாது. முன்னால் நடந்தார்.

போர்ட் கொச்சியில் சீனவலை மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பழம்பொரியும் சாயாவும். பிறகு போட். வைப்பின் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த சாப்பாட்டுக்கடை ஒன்று. கடைக்காரச் சேச்சி வேகவைத்த கப்பையை மலைபோலக் குவித்து, மேலே சிவக்கச் சிவக்க மீன்குழம்பை ஊற்றினாள். குடம்புளி போட்ட குழம்பு, காரம் காதில் ஏறியது. அடுப்பில் நிற்காமல், யார் தட்டு காலி என்று பார்க்காமல், உட்கார்ந்து தின்றேன். நான் பரிமாறாமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து அன்றைக்குத்தான். அத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். மாமா மட்டும் கப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடுதான, ஏன் தின்ன மாட்டேங்கிறீக?" என்று அத்தை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வெரசாக் கெளம்புவோம்."

நான் காதில் வாங்கவில்லை. இறால் வளர்க்கும் கட்டு, தென்னந்தோப்பு, கடல் என்று அவர்களைச் சேற்றில் நடக்கவைத்தேன். மூன்று மணிக்கு மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, காற்றோடு வந்த மழை. நனைந்துகொண்டே ஜெட்டிக்கு ஓடிவந்தபோது போட் கட்டிக் கிடந்தது. சுவரில் இருந்த கரும்பலகையைப் படித்துவிட்டு முனியாயி, "போட் இல்லையாம்மா, நிறுத்தி வச்சிருக்காங்க" என்றாள். கயிறு பிடித்துக்கொண்டிருந்த போட்டுக்காரர் மாமாவைப் பார்த்து, "காற்று நின்னாலே போட்டு போகூ, சேட்டா" என்றார்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். நான் கேட்டது ஆறு மணி வரைக்கும்தான். வருணபகவான் பார்த்துக் கூட்டிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். மாமா ஜெட்டியில் கிடந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். இடுப்பு பெல்ட்டுக்குள் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார்.

"அப்ப இத யாரு கொண்டுபோறது?" என்றார்.

எங்கள் வீட்டுப் பூட்டின் சாவி.

"வீட்டப் பூட்டிட்டா வந்தீங்க?" என்றார் வீட்டுக்காரர். "உள்ள தொரை இருக்கான்ப்பா!"

"தெரியும்டா. ரெண்டு பேரையும் உள்ள வச்சுத்தான் பூட்டுனேன்."

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு ஐயோ என்றாள். எனக்கு நாக்கு கட்டுக்கடங்கவில்லை. மாமனாரை அதுவரை எதிர்த்துப் பேசாதவள், அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"மனுசங்கள உள்ள வச்சா பூட்டுவாக? அடுப்புல தீ கீ பிடிச்சா? ஒரு அவசரம்னா கக்கூஸ் லைன் கடைசியில இருக்கே, எப்பிடிப் போவாக? ஏழு மணிக்குத் தம்பி வேலைக்குப் போக வேணாமா?"

"காலையில இருந்து அதத்தாம்மா நெனச்சுக்கிட்டே சுத்துறேன்" என்றார் மாமா.

அவர் சொன்னது இதுதான். நாங்கள் ரோட்டுக்கு வந்தபிறகு அவர் செல்லதுரையிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் தலையாட்டினான். கங்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கதவைச் சாத்தி வெளியே பூட்டினார். எதிர்வீட்டு விசாலாக்ஷி கேட்டதற்கு, எல்லாருமாக ஊர்சுற்றப் போகிறோம், சின்னவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள் என்றார்.

"நீ புள்ளைக்குக் கட்டுரைன்னு சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு. நல்ல புத்திதான். ஆனா கதவ யோசிச்சியா? பகல்ல கதவச் சாத்துனா நம்ம லைன்ல என்ன பேசுவாளுகன்னு ஒனக்குத் தெரியாதா? பூட்டு தொங்குனா ஆளில்லன்னு அவளுக பாட்டுக்குப் போயிருவாளுக."

எங்கள் லைனில் பகலில் கதவு சாத்துவது கிடையாது. கதவு சாத்தியிருந்தால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம், ஆள் இருந்து சாத்தியிருந்தால் அதன் அர்த்தம் பன்னிரண்டு வீட்டிலும் பேசப்படும். எல்லாவற்றுக்கும் திட்டம் போட்ட நான் இதை நினைக்கவே இல்லை. மாமா பூட்டாமல் வந்திருந்தால் அந்த இருவரும் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். விசாலாக்ஷி அங்கிருந்தபடியே இருவரையும் காவல் காத்திருப்பாள்.

"வீரபாண்டி பொறக்கிறதுக்கு முந்தி" என்றார் மாமா, மழையைப் பார்த்துக்கொண்டு. "ஒங்க அத்தைய இங்க கூட்டிவந்த புதுசு. ஒரேயொரு நா பகல்ல கதவச் சாத்துனோம்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் அத்தை. ஆனால் பேச்சை அவளாலேயே விட முடியவில்லை. முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "கொழாயடியில எனக்குக் கொடம் வைக்க எடம் குடுக்க மாட்டாளுக. பகல்காரி வர்றா, பகல்காரி வர்றான்னு பாடுவாளுக. ஒரு வருசம். இவன் வயித்துல வந்தப்பறமும் விடல."

வீட்டுக்காரர் எழுந்து ஜெட்டியின் ஓரத்துக்குப் போய்விட்டார். அத்தையை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். கடுகடுவென்றே இருப்பாள், அது அவள் பிறவிக்குணம் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

ஆறே கால் ஆயிற்று காற்று அடங்க. முதல் போட்டில் முண்டியடித்து ஏறினோம். அக்கரையில் பஸ்ஸைக் காணோம், ஐந்து பேரும் ஓர் ஆட்டோவில் அடைந்துகொண்டோம். வழியில் ஐஸ் ஆலை முக்கில் வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டார். "தம்பிக்கு வயித்துவலி, வர லேட்டாகும்னு சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

"லேட்டாகும்னு எதுக்குச் சொல்றீக? ராத்திரி முழுக்க வலிக்கும்னே சொல்லுங்க" என்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

லைனுக்குள் நுழையும்போது மணி ஏழைத் தாண்டிவிட்டது. தூறல் விடவில்லை. எல்லா வாசலிலும் விளக்கு, எல்லா வாசலிலும் பெண்கள். எங்கள் வீடு மட்டும் இருட்டாக, கதவில் பூட்டோடு கிடந்தது. மாமா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். உள்ளே புதுசாகக் கல்யாணமானவர்கள் இருக்கிறார்கள், திடுதிப்பென்று திறந்துகொண்டு நிற்பது மாமனாருக்கு முறையா? கையை இறக்கி, கதவை விரலால் இரண்டு தடவை தட்டினார்.

எதிர்வீட்டிலிருந்து விசாலாக்ஷி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, பூட்டு தொங்குது, யாரத் தட்டுறீங்க? காலையில இருந்து உள்ள ஒரு அனக்கமும் இல்லையே!"

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பகல் முழுக்கச் சாப்பிடாமல்கூட அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த ரகசியத்தை அவர் கையாலேயே உடைத்துவிட்டார். அவர் முகம் செத்துப்போனது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நாளைக்குக் கங்கா ஊருக்குப் போவாள், ஒரு மாதத்தில் திரும்பி வருவாள், இதே குழாயடிக்குத்தான் குடத்தோடு போக வேண்டும்.

உள்ளேயிருந்து கங்காவின் குரல் கேட்டது.

"யாரு?"

அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நாந்தாம்மா, மாமா" என்றார் அவர், சின்னக் குரலில். "தொறக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க மாமா."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை திரும்பி நின்றாள். நனைந்த சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம்மருமக அவ புருசங்கூட அவ வீட்ல இருக்கா" என்றாள். "எவளுக்கு என்ன வேணும்? இங்க வந்து எங்கிட்டக் கேளுங்கடி."

ஒருத்தியும் வரவில்லை. விசாலாக்ஷி அரிசி களைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் இருக்கிறேன். உள்ளே இருந்துகொண்டு வெளியே நிற்கும் யாரிடமும் நான் "இருங்க" என்று சொன்னதில்லை. அத்தையும் சொல்லியிருக்க மாட்டாள். கங்கா சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் நான்கு பேரும் நனைந்தபடி வாசலில் நின்றோம். மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று நின்றார்.